கார் ஏ.சி.யில் கேஸ் தீர்வதில்லை

சித்திரை பிறந்தால் போதும், கார் வைத்திருப்பவர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: “ஏ.சி. சரியா கூல் ஆகல, கேஸ் போடணும்.” மெக்கானிக் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், கால் டாக்ஸி ஓட்டும் தம்பி சொல்கிறார். ஆயில் மாற்றுவதுபோல வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் நிரப்புவதும் வண்டிப் பராமரிப்பில் ஒரு கடமை என்றே நம் ஊரில் ஆகிவிட்டது. இது தவறான நம்பிக்கை. நம் காசைக் கரைக்கிறது, கம்ப்ரஸரை வதைக்கிறது, ஊர்க் காற்றையும் கெடுக்கிறது. இதற்கு மேலும் தலையாட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

பாதிப் பழி அந்தச் சொல்லின் மேல் விழ வேண்டும். நம் வீட்டில் கேஸ் என்றால் அடுப்பு சிலிண்டர். அது எரியும், தீரும், புக் செய்தால் அடுத்தது வரும். அதே சொல்லைக் கார் ஏ.சி.க்கும் வைத்தோம், அதே குணத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டோம். ஆனால் ஏ.சி.யில் ஓடும் கேஸ் எரிவதே இல்லை. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிரூட்டி. திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் திரவம் அது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் மறுபடி ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு திரும்பவும் கம்ப்ரஸர். சின்ன காரில் அரைக் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும் அந்தக் கேஸ், மூடிய குழாய்க்குள் இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. செலவாவதற்கு அதற்கு வழியே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

எனக்கே இது புரியச் சில ஆயிரம் ரூபாய் ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஏப்ரலில் மதுரையிலிருந்து தேனிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மா இடப்பக்க சீட்டில். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் அவர் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். “ரொம்பக் குளிருதுப்பா, கொஞ்சம் குறை” என்கிறார். ஸ்டியரிங் பிடித்திருந்த எனக்கோ முதுகு நனைந்து சட்டை சீட்டோடு ஒட்டியிருந்தது. ஒரே கார், ஒரே ஏ.சி., நடுவில் இரண்டடி தூரம். இடது பக்கம் மார்கழி, வலது பக்கம் கத்திரி.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சாவியைக் கொடுத்து நான் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது: “கேஸ் குறைஞ்சிருக்கு சார்.” இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வண்டியை எடுத்த மாலை மழைக் காற்று அடித்தது; குளிர்ந்ததுபோலத்தான் இருந்தது. அடுத்த வெயிலில் பழைய கதை. மறுபடி போனேன், மறுபடி கேஸ். மூன்றாம் முறை, “கம்ப்ரஸர் வீக்காயிடுச்சு, மாத்திடலாம்” என்றார்கள். அந்த விலையைக் கேட்ட பிறகுதான் வேறு ஆளைத் தேடினேன்.

அந்த அண்ணனுக்குத் தகரக் கொட்டகைதான் பட்டறை. கேஸ் சிலிண்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன தெர்மாமீட்டரை எடுத்து முதலில் இடப்பக்க வென்ட்டில் செருகினார்: 9 டிகிரி. பிறகு வலப்பக்கம்: 21. பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களில் தடித்ததைத் தொடச் சொன்னார். ஐஸ் மாதிரி இருந்தது; மேலே முத்து முத்தாக நீர் வியர்த்திருந்தது.

“கேஸ் அதோட வேலையைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. குளிர் இதுவரைக்கும் நல்லா வருது. உள்ள போன பெறகுதான் எதுவோ சூட்டைக் கலக்குது” என்றார்.

பிறகு பக்கத்திலேயே உள்ளே போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஐந்து நிமிஷம் கழித்து வலப்பக்க வென்ட்டைப் பார்த்தால் 12 டிகிரி. அது ஹீட்டர் ஹோஸ்.

மதுரைக் காரில் ஹீட்டரா என்று கேட்கலாம். நம் கார்களிலும் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் கை அகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் கூலன்ட் 80, 90 டிகிரிச் சூட்டோடு அதற்குள் ஓடுகிறது. நிறைய வண்டிகளில் நாம் ஹீட்டர் போடாவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு நம் மேல் படாமல் தடுப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு மட்டுமே. நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புகிறோமே ஒரு நாப், அது அசைப்பது இந்தக் கதவைத்தான். கதவின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். என் வண்டியில் அந்தப் பஞ்சு வலது ஓரத்தில் உதிர்ந்துபோயிருந்தது. குளிர்ந்த காற்று எனக்கு வந்து சேர்வதற்குள் சூட்டுக் காற்று அந்த இடுக்கு வழியாக அதோடு சேர்ந்துகொண்டது. சில மாதமாகவே டேஷ்போர்டில் கறுப்புத் துகள்கள் கிடப்பதைப் பார்த்து, “என்னப்பா இது, மை மாதிரி” என்று அம்மா துணியால் துடைத்து வந்தார். வண்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கதவுக்குப் புதுப் பஞ்சு ஒட்ட ஒரு நாள் கூலி ஆனது. ஏற்கெனவே இருந்த கேஸை இறக்கி எடை போட்டபோது 510 கிராம் வந்தது. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 450 என்று அச்சிட்டிருக்கிறது. குறையாத கேஸின் மேல் இரண்டு முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள்.

அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு. கண்டென்ஸரில் ஆவி திரவமாக இடம் வேண்டும். கூடுதல் கேஸ் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும், குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும், அதைச் சுழற்றும் என்ஜின் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். சாதம் குழைந்துவிட்டது என்று மேலும் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான் இது.

“கேஜ் வைத்துப் பார்த்துத்தானே போடுகிறார்கள்” என்று ஒரு வாதம் வரும். என்ஜின் அணைந்திருக்கும்போது கேஜ் காட்டுவது அன்றைய வெப்பநிலைக்குரிய அழுத்தத்தைத்தான். 30 டிகிரி நாளில் ஆர்-134ஏ கிட்டத்தட்ட 97 பி.எஸ்.ஐ. காட்டும். குழாய்க்குள் கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் அதே 97, 500 கிராம் இருந்தாலும் அதே 97. ஏ.சி. ஓடும்போது பார்க்கும் இரண்டு பக்க அழுத்தங்கள் நிறைய விஷயம் சொல்லும், உண்மை. ஆனால் வெளி வெயில், என்ஜின் வேகம், கண்டென்ஸர் ஃபேன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் சொல்லும். எத்தனை கிராம் இருக்கிறது என்று அறிய ஒரே வழிதான் உண்டு: முழுவதையும் இறக்கித் தராசில் வைப்பது.

“போட்டதும் குளிர்ந்ததே!” என்பது இன்னொரு வாதம். அன்றைக்கே ஃபில்டரைத் தட்டியிருப்பார்கள், கண்டென்ஸரில் தண்ணீர் பீய்ச்சியிருப்பார்கள், வண்டி கைக்கு வரும்போது வெயிலும் தாழ்ந்திருக்கும். புகழ் முழுவதும் கேஸுக்குப் போய்விடுகிறது. சில வண்டிகளில் கேஸ் உண்மையாகவே குறைந்திருக்கும். அப்போது எவாப்பரேட்டரின் ஒரு பகுதிக்கு மட்டும் திரவம் எட்டி, மறு பகுதி வெதுவெதுப்பாகவே நிற்பதால், சில வண்டிகளில் ஒரு பக்க வென்ட் குளிராது. ஆகவே ஒரு பக்கச் சூட்டுக்குக் கேஸும் காரணமாகலாம் என்பதை மறுக்கவில்லை. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவதைத்தான் கண்டிக்கிறேன். அப்படி நிரப்பிய கேஸும் அதே வழியில்தான் போகும். போகும்போது கம்ப்ரஸருக்கு உயிரான எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகும்.

“கேஸ் தானாகவே கசியுமே” என்ற மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாகக் கேஸ் துளித்துளியாகக் கசியத்தான் செய்யும். எவ்வளவு என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த சட்டம், ஒரே எவாப்பரேட்டர் உள்ள காருக்கு வருஷத்துக்கு 40 கிராம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த உச்ச அளவிலேயே கசிந்தாலும் 450 கிராமில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. வருஷா வருஷம் கேஸ் கேட்கும் வண்டி, அந்த வரம்பையெல்லாம் தாண்டிய ஓட்டை வண்டி. இயல்புக்கு மேல் கசிந்திருந்தால், பழுதை முடிக்காமல் இந்தக் கேஸை நிரப்பவே கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அங்கே தடை செய்யப்பட்ட காரியம் இங்கே கோடைக்காலச் சலுகையாகப் பலகையில் தொங்குகிறது.

அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 450 கிராம் என்றால் 640 கிலோவைத் தாண்டும். ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. இந்தியாவும் 2021-ல் ஏற்றது. ஓட்டை வண்டிக்கு ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போடுகிறவர், அடுத்த கோடையின் வெயிலுக்கும் தன் பங்கைச் சேர்க்கிறார்.

கார் ஏன் குளிரவில்லை என்பதற்கு அறிகுறிகளே வழிகாட்டும். எல்லா வென்ட்டிலும் காற்றே மந்தமாக வந்தால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை முதலில் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் சூடானால், கண்டென்ஸர் ஃபேனையும் கண்டென்ஸரில் அடைத்த மண்ணையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று குறைந்து, சற்று அணைத்துப் போட்டால் சரியானால், எவாப்பரேட்டரில் ஐஸ் கட்டுகிறது. டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் வந்து ஒரு பக்கம் மட்டும் சூடானால், கதவை அசைக்கும் மோட்டார் மேல் சந்தேகப்படலாம். தடித்த குழாய் சில்லென்று இருந்தும் வென்ட்டில் சூடு வந்தால், கோளாறு டேஷ்போர்டுக்குள்தான். இத்தனையும் கடந்த பிறகே கேஸின் முறை வர வேண்டும். அப்போதும் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா, சோப்பு நுரை குமிழிடுகிறதா, ஒளிரும் சாயம் எங்கே தென்படுகிறது என்று கசிவிடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஹீட்டர்தான் சூடு கலக்கிறது என்று தெரிந்ததும் அதன் ஹோஸை நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்து கண்ணாடியை மூடும். அப்போது அதைத் துடைத்துத் தருவது ஏ.சி. உலர்த்தி ஹீட்டர் சூடாக்கிய காற்று. கொண்டை ஊசி வளைவில் பாதை தெரியாமல் தவிப்பதைவிடக் கதவுக்குப் பஞ்சு ஒட்டுவது மேல். கிளாம்ப் சோதனைக்கு மட்டும்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நாமே “கேஸ் போடுங்க” என்று கேட்டுக்கொண்டு போய் நிற்கிறோம். சோதிக்க அரை நாள் கேட்பவரை விட்டுவிட்டு, இருபது நிமிஷத்தில் முடிப்பவரிடம் போகிறோம். சோதனைக்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. கேஸுக்குக் கொடுக்க வருகிறது. அந்தத் தகரக் கொட்டகை அண்ணன் சோதனைக்கென்று 300 ரூபாய் கேட்டபோது நானும் ஒரு கணம் யோசித்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கோடையில் உங்கள் வண்டிக்கும் அந்தப் பேச்சு வரும். கேஸ் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், “எங்கே கசியுது?” என்று கேளுங்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். பில்லில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: கசிந்த இடம், ஏற்றிய கிராம். அந்த இரண்டும் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.