உதிரிக்காக நிற்கும் வண்டிக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை பற்றி நம் இதழின் நிலை என்ன என்று பல பட்டறைகளிலிருந்து கேட்கிறார்கள். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது 10,000. இறக்குமதி காருக்கு 40,000 இருந்தது 80,000 ஆகிவிட்டது. டெல்லி வட்டாரத்துக்கு இது பொருந்தாது; அங்கே கதையே வேறு.

ஓடுகிற வண்டியைப் பொறுத்தவரை இந்தக் கட்டணம் உறுத்தும், ஆனால் தாங்கலாம். நாலு சிலிண்டரையும் போர் செய்து, பிஸ்டன் செட் தேடிப் பிடித்து, கிராங்க் கிரைண்டிங் முடித்து இன்ஜினை ஏற்றுகிறவர் பத்தாயிரத்துக்காக வண்டியைக் கைவிட மாட்டார். நமக்கு இந்த அறிவிக்கையில் கவலை தருவது ஓடாத வண்டிகள்தான். அவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை செய்த வண்டி. இங்கிலாந்துக்காரர்கள் 1147 சி.சி.க்குப் போனார்கள், அங்கிருந்து 1296-க்குப் போனார்கள். நமக்குக் கடைசிவரை 63 மி.மீ. போரும் 76 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 948 தான். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம். இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் கார் புண்ணியத்தில் த்ரஸ்ட் வாஷரை அங்கிருந்து வரவழைத்துவிடலாம். 63 மி.மீ. பிஸ்டனுக்கு அலைய வேண்டும். பிளாக்கை யாரும் புதிதாக வார்த்துத் தரப்போவதில்லை.

அந்தப் பிளாக் எப்படிச் சாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிளட்சை மிதித்தால் கிராங்க் புல்லி முன்னால் நகர்கிற வண்டியை, சத்தம் இல்லையே என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறை வடிவ வாஷர் தேய்ந்து சம்ப்பில் விழும். அதற்குப் பிறகு கிராங்க் நேராகப் பின் மெயினில் உரசி, பிளாக்கின் முகத்தையே தின்னத் தொடங்கும். இதிலிருந்து தப்பிய பிளாக்குகள் போரிலேயே முடிந்துபோகின்றன. 20 தௌ, 30 தௌ, 40 தௌ என்று பெரிதாக்கி, பிறகு ஸ்லீவ் போட்டு, அந்த ஸ்லீவும் தேய்ந்தால் இன்னொரு பிளாக்தான் வழி. அது 1972-இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கேஸலில் இருக்கிறது. உடல் மாறியது, இன்ஜின் அதே 948. ஹெரால்டே குறைந்துவிட்ட ஊரில் கேஸல் இன்னும் குறைவு. இருப்பவற்றில் பெரும்பாலானவை தரைத் தகடு துருப்பிடித்து, ஏதோ ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கின்றன.

அப்படி நிற்கும், 50 ஆண்டு முடியாத கேஸல் ஒன்றுக்கு இன்றைய சட்டத்தில் என்ன பெயர்? 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு முடிந்த வண்டிக்குத்தான். 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுக்கு வி.ஏ. வரிசை எண் கிடைக்கும். இந்த வண்டிக்கு அந்த வயது ஆகவில்லை. ஆகியிருந்தாலும், முழு உருவில் இல்லாத வண்டியை அங்கே யார் ஏற்பார்கள்? பதிவைப் புதுப்பிக்கலாம் என்றால் தகுதிச் சோதனைக்கு அது தன் காலில் போய் நிற்க வேண்டும். அது முடியாது. புதுப்பிக்காவிட்டால்? செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டி, வண்டி உடைப்பு விதிகளின் வரையறைப்படி ஆயுள் முடிந்த வண்டி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுச்சூழல் விதிகளின்படி, ஆயுள் முடிந்த வண்டியை உரிமையாளர் 180 நாளுக்குள் உடைப்புக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

கட்டண அறிவிக்கையையும் இந்த விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கட்டணம் ஏற ஏற, ஓடாத வண்டிக்குப் பதிவைத் தக்கவைக்க யாருக்கும் மனம் வராது. பதிவு போனால் வண்டி கழிவு. பழையதை உடைக்கக் கொடுத்துப் புது வண்டி வாங்கும்போது மாநிலங்கள் தரக்கூடிய 25 சதவீதம் வரையிலான வரிச் சலுகை கண்ணெதிரே தெரிகிறபோது, அப்பா வாங்கிய கேஸலைப் பிள்ளைகள் எத்தனை நாள் கொட்டகையில் வைத்திருப்பார்கள்? உற்பத்தியாளர்களுக்கு அந்தச் சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் இலக்கும் எஃகு எடையில்தான் சொல்லப்பட்டிருக்கிறது: 2025-26 முதல் ஐந்தாண்டுக்கு 8 சதவீதம், அடுத்த ஐந்தாண்டுக்கு 13. எடைக் கணக்கு பார்க்கிறவருக்கு ஸ்டாண்டர்ட் சைஸ் கிராங்க்கும் வளைந்த பம்பரும் ஒன்றுதான்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் அப்படி இல்லை. தரையில் குவிந்து கிடப்பதில் இது கேஸல், இது ஸ்டாண்டர்ட் டென் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்து, கிரீஸ் தடவி, பரணில் ஏற்றி, இருபது வருஷம் ஆளுக்காகக் காத்திருந்த வியாபாரிகள் அங்கே இருந்தார்கள். நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகளில் பாதி அவர்கள் ஞாபகத்தில்தான் ஓடுகின்றன. திருட்டு வண்டிகளும் அந்தத் தெருக்களில் உடைபட்டன என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் எல்லாவற்றையும் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்கு மாற்றுகிறார்கள். மாற்றட்டும். ஆனால் அந்த நிலையத்தில் கிராங்க்கைப் பார்த்து எடுத்து வைக்கிற ஆள் யார்? அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் யாருக்காவது தோன்றியதா?

50 வயது வண்டியைப் பாரம்பரியச் சொத்து என்று மேடையில் பாராட்டுகிறார்கள், அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய 49 வயது வண்டியைக் கழிவு என்று எழுதி வாங்குகிறார்கள். இதைச் சுட்டிக்காட்டி நாம் அனுப்பிய மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில், கட்டண விவரம் அடங்கிய ஒரு தாள். நாம் கட்டணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்னோர் அலுவலகத்தில், ஹெரால்டில் கேஸல் பிளாக்கை வைத்தால் அது பழுதுபார்ப்பா, இன்ஜின் மாற்றமா என்று கேட்டோம். இன்ஜினில் மாற்றம் செய்த வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடையாது என்கிறது 2021 விதி. அதே கொள்ளளவு, அதே வார்ப்பு, எண் மட்டும் வேறு. ஆய்வாளர் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். 948-ஐயும் 1147-ஐயும் அருகருகே பார்த்திராத ஓர் ஆய்வாளர் எதைப் பார்த்து முடிவு செய்வார்?

நாம் கேட்பது சலுகை இல்லை. ‘உதிரி வண்டி’ என்று ஒரு பிரிவு வேண்டும். ஆர்.சி.யை ஒப்படைத்து, சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவில் ஏறிய பிறகு, சாலைக்கே வராத அந்த வண்டியை உரிமையாளரோ பட்டறையோ கட்டணமின்றி வைத்திருக்கலாம் என்று விதி சொல்ல வேண்டும். எண் பதிவாகிவிட்டால் திருட்டுப் பயமும் இல்லை. 30 ஆண்டு தாண்டிய வண்டி எது உடைப்பு நிலையத்துக்கு வந்தாலும் நசுக்குவதற்கு முன் ஒரு மாதம் அதன் மாடலையும் ஆண்டையும் வெளியிட வேண்டும். அதே வகை இன்ஜினை மாற்றுவது பழுதுபார்ப்பே என்று ஒரு வரியில் தெளிவுபடுத்த வேண்டும். ஹெரால்டுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000-க்கும், இசுசூ இன்ஜின் போட்ட அம்பாசிடருக்கும் இதே நிலை வரப்போகிறது. 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் பட்டறைகளின் கைக்கு வராமல் உடைப்பு நிலையத்துக்குப் போவதால், அம்பாசிடர்காரர்கள் இதை இப்போதே உணரத் தொடங்கியிருப்பார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாடிக்கையாளர் பழைய வண்டியை ஒப்படைக்கப் போகிறார் என்று தெரிந்தால், பிளாக், ஹெட், கிராங்க் மூன்றின் எண்களையும் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியை ஒப்படைக்கலாமா என்று நிலையத்திடம் எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பதிலையும் எழுத்திலேயே வாங்கி நமக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவில் அவை எல்லாவற்றையும் இணைக்கப்போகிறோம்.