வரம்பை வகுப்பது யார்?

இணைய விளையாட்டு அளவு மீறினால் உறக்கத்தைக் கெடுக்கும். ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையே பேச்சையும் குறைக்கும். தீங்கு நேர்ந்தபின்னும் விடமுடியாமல், பிற கடமைகளுக்கு மேலாக அதனையே கருதும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப்பட்டியலில் சேர்த்தது.

இதனைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதுமா? 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தென்கொரியா 2011இல் தடைசெய்தது. ஆயினும், கைப்பேசி விளையாட்டுகள் பெரும்பாலும் அத்தடைக்கு வெளியே நின்றன. 2022இல் அச்சட்டம் நீங்கியது. நேரத்தை வரையறுக்கும் பொறுப்பு குடும்பத்தினரிடம் வந்தது.

பொறுப்பு அங்கிருப்பதே முறை. பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப்பேசி வகுத்த வரம்பு, காவல் இல்லாதபோதும் காக்கப்படும். இரவில் கைப்பேசியை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் முதலில் மேற்கொள்ளட்டும். பின்னரே பிள்ளைகளிடம் அதனை எதிர்பார்த்தல் தகும்.