பானை, துடைப்பம், பரப்பு: தீண்டலின் அரசியல்

ஓவியப் பயிற்சியில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை ஒன்றுண்டு. அன்றாடப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதையே வெவ்வேறு பரப்பு நுட்பங்களால் திரும்பத் திரும்ப வரைதல். ஒருமுறை வண்ணத்தைக் கத்தியால் தடிப்பாக அப்புவர். மறுமுறை மணலோ மரத்தூளோ கலப்பர். பிறிதொருமுறை காய்ந்த பூச்சைச் சுரண்டி அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணர்வர். பொருள் மாறாது நிற்பதால் நுட்பத்தின் வேறுபாடு துலங்கும் என்பது இதன் அடிப்படை. பயனுள்ள பயிற்சிதான். ஆயினும் அதற்குள் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது: அன்றாடப் பொருள் அனைவர்க்கும் பொதுவானது, ஆகவே நடுநிலையானது. புனேயின் வரலாற்றை முன்வைத்து நோக்கினால் இவ்வெடுகோள் நிலைக்காது.

மேலைக் கலைவரலாற்றிலேயே இது ஐயத்திற்குள்ளாகியிருக்கிறது. வான்கா 1886இல் பாரிசில் ஒரு சோடித் தேய்ந்த காலணிகளை வரைந்தார். பின்னரும் காலணிகளை மீண்டும் மீண்டும் கருவாகக் கொண்டார். 1935-36ஆம் ஆண்டுகளில் கலைப்படைப்பின் தோற்றம் குறித்து உரையாற்றிய ஹைடெக்கர், அவரது காலணி ஓவியம் ஒன்றில் உழவர்குலப் பெண்ணொருத்தியின் உழைப்பைக் கண்டார். அவை நகரில் வாழ்ந்த ஓவியருடைய காலணிகளே என்று 1968இல் மேயர் ஷாப்பிரோ மறுத்தார். 1978இல் தெரிதா, காலணிகளை எவருக்கேனும் உரிமையாக்கத் துடிக்கும் அவ்விருவரின் விருப்பத்தையே கேள்விக்குட்படுத்தினார். இவ்விவாதத்தைத் தூண்டியது பொருள் மட்டுமன்று, அதன் பரப்பும்தான். தடித்த வண்ணம் தேய்மானத்தைக் காட்டுகிறது. தேய்மானம் அதைத் தேய்த்த உடலைத் தேட வைக்கிறது. பரப்பைக் கூர்ந்து நோக்குபவர் இறுதியில் ஓர் உடலிடம்தான் சென்று சேர்கிறார்.

அவ்வுடல் எவருடையது என்னும் கேள்வி இந்தியாவில் சாதியைத் தொடாமல் நகர முடியாது. ஓவியத்தில் பரப்பு என்பது தொடுவுணர்வைக் கண்ணுக்கு வழங்குவது. தமிழிலோ தொடுதலைக் குறிக்கும் சொல்லே சிக்கலான வரலாறுடையது. குழந்தையின் மெய்யைத் தொடும் இன்பத்தைச் சொல்ல வள்ளுவர் ஆண்ட சொல் ‘தீண்டல்’. பாம்பு கடித்தலையும் தமிழர் ‘தீண்டுதல்’ என்றே வழங்குகின்றனர். அதே வினையடியின் எதிர்மறை வடிவம் ‘தீண்டாமை’ ஆயிற்று. ஒரே வினை அன்பையும் நஞ்சையும் விலக்கையும் சுமக்கிறது. இதை அறிந்த மொழியில் தொடுவுணர்வை வெறும் வடிவக்கூறாகப் பேசுவது அரைகுறைப் பேச்சாகும்.

புனேயில் அன்றாடப் பொருள்களைப் போற்றும் மரபு இல்லாமலில்லை. தினகர் கேல்கர் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த விளக்குகளும் பாக்குவெட்டிகளும் இன்று ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் உள்ளன. புழங்கிய கைகளின் நயத்தை அவற்றில் காணலாம். ஆனால் இந்நகரின் நினைவில் வேறு இரு பொருள்களும் உண்டு. பேஷ்வா ஆட்சியில் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்கள், தம் காலடி பட்ட மண்ணைத் தாமே பெருக்கி அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டவும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்பானை தொங்கவிடவும் வேண்டியிருந்ததை, 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எடுத்துரைத்தார்.

வீட்டில் நீர் நிறைத்த பானையும் கழுத்தில் எச்சில் ஏந்திய பானையும் ஒரே மண்ணால் ஆனவை. முற்றம் பெருக்கும் துடைப்பமும் காலடி அழிக்கும் துடைப்பமும் ஒரே ஈர்க்கால் ஆனவை. வடிவம் ஒன்று, சொரசொரப்பும் ஒன்று. எனினும் அவை ஒரே பொருளல்ல. பயிற்சி முறை மாறாதது எனக் கொண்ட பொருள் இங்கே உடலுக்கேற்ப மாறிவிடுகிறது.

நாகபுரியில் பிறந்து பரோடாவில் அச்சோவியம் பயின்ற சவி சாவர்கரின் பணி இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. பானையும் துடைப்பமும் சுமந்த மனிதரை அவர் அச்சிலும் வண்ணத்திலும் பலமுறை படைத்திருக்கிறார். அவர் கையாண்ட எட்சிங் முறையும் கவனத்திற்குரியது. உலோகத் தகட்டில் காப்புப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது கோடு தாளின்மேல் மெல்லப் புடைத்து நிற்கும். அரிப்பும் அழுத்தமுமே இங்குப் பரப்பை ஆக்குகின்றன. காலடித் தடத்தையும் விட்டுவைக்காத ஒரு விதியைச் சித்திரிக்க, தடத்தையே அடிப்படையாகக் கொண்ட நுட்பம் பயன்படுகிறது. நுட்பமும் கருவும் இங்குத் தனித்தனியே நிற்கவில்லை.

நுட்பப் பயிற்சியில் அரசியலைப் புகுத்தினால் கலை பிரச்சாரமாகிவிடும் என்பது இதற்கு எழக்கூடிய மறுப்பு. அம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. கருவின் கனம் மட்டும் எந்தப் படைப்பையும் காப்பாற்றாது. ஆனால் உடலின் வரலாற்றைத் தவிர்ப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடே. சுந்தர் சருக்கை, கோபால் குருவுடன் இணைந்து 2012இல் வெளியிட்ட ‘தி கிராக்ட் மிரர்’ நூலில், தொடுதலின் மெய்யியலிலிருந்தே தீண்டாமையை ஆராய்ந்தார். தீண்ட மறுப்பவரின் பக்கமும் ஆய்வைத் திருப்பினார். கலைக்கல்வி அவ்வாய்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

ஒரு பொருளைப் பத்து நுட்பங்களில் வரையும் பயிற்சி தொடரட்டும். வண்ணம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கும் வகுப்பறை, அப்பொருளை எவர் தொட்டார், எவர் தொடக்கூடாதிருந்தது, எவர் உடலில் அது சுமத்தப்பட்டது என்றும் கேட்கட்டும். அவ்விடைகள் தெரிந்த மாணவர், பானையை வரையும்போது அதன் பரப்பை வேறுவிதமாகவே அமைப்பார்.