எஞ்சினுக்குக் காசு இருக்கிறது, மவுண்டிங்குக்கு இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டோம்.

போன வாரம் ஒரு மொரிஸ் மைனர் விற்பனைக்கு வந்திருந்தது. நிசான் ஏ14 எஞ்சின், ஐந்து கியர், அலோய் வீல், லெதர் சீட், புது பெயின்ட். பொனட்டைத் திறந்து எடுத்த போட்டோவில் எஞ்சின் மினுமினுவென்று இருந்தது. நாங்கள் படத்தைப் பெருப்பித்து இடது பக்கக் கீழ் மூலையைப் பார்த்தோம். எஞ்சினிலிருந்து வரும் இரும்புத் தகடு நேராகச் செசியோடு வெல்ட் அடிக்கப்பட்டிருந்தது. நடுவில் றப்பர் என்று ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே வரிசையாக "சூப்பர் மச்சான்", "மாஷா அல்லாஹ்", "கடைசி விலை என்ன?"

இதைக் கண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் இதே பிழையை நாங்களும் செய்தோம். அதற்குக் கொடுத்த விலை ஒரு நிமிடப் பயத்தோடு முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் வாப்பாவின் கார் 1958 மைனர் 1000. 948 சீசீ, 37 குதிரைவலு. புளொக் வெடித்து ஒட்டுப்போட முடியாமல் போனபோது சகோதரர்கள் கூடிப் பேசி ஏ14 போட முடிவெடுத்தோம். (ஒரிஜினல் எஞ்சினை எடுத்ததே பாவம் என்று சொல்லும் நண்பர்களுக்கு: உங்கள் வாதம் விளங்குகிறது, ஆனால் இன்று அந்த வழக்கைப் பேசவில்லை.) எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் பேரம் பேசாமல் காசு கொடுத்தோம். சீட்டுக்கும் கொடுத்தோம். கராஜ் பாஸ் கடைசியில் கேட்டார்: "சேர், மவுண்டிங் புதுசு எடுக்கவா, இல்ல கிடக்கிறதப் போடவா?" கிடக்கிறதைப் போடுங்கள் என்றோம். அந்த வாய் எங்களுடையது. ஆகவே இந்தப் பதிவில் பாஸ்மாரை மட்டும் குற்றம் சொல்லப் போவதில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு கடுகண்ணாவை ஏற்றம். முன்னால் வாப்பா, பின்னால் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகள். வளைவில் லொறி ஒன்று வேகத்தைக் குறைக்க, முதல் கியருக்கு இறக்கி அக்சிலரேட்டரை மிதித்ததும் "டொக்" என்று ஒரு சத்தம். காலை எடுத்தோம். கார் இழுத்துக்கொண்டே போகிறது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் கத்துகிறது, லொறியின் பின்பக்கம் கிட்ட வருகிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் எஞ்சின் தடாரென்று கீழே விழுந்தது. பழைய மொரிஸில் ஸ்டியரிங் பூட்டு இல்லை என்பதால் அப்படிச் செய்யலாம். இன்றைய கார்களில் கிளச்சைத்தான் முதலில் மிதிக்க வேண்டும். பொனட்டைத் திறந்தால் இடது மவுண்டிங்கின் றப்பர் தகட்டை விட்டுக் கழன்று தொங்குகிறது.

நடந்தது என்ன? முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை எஞ்சினின் உடம்பை மற்றப் பக்கம் புரட்டப் பார்க்கும். அதனால் முன்னோக்கிப் போகும்போது காரின் இடது பக்க மவுண்டிங் மேலே இழுபடும், வலது பக்கம் நசியும். இடது மவுண்டிங் கழன்றால் எஞ்சின் எழும்பும். எழும்பும் எஞ்சின் தொய்வில்லாத அக்சிலரேட்டர் கேபிளை இழுக்கும். கேபிள் இழுபட்டால் இன்னும் வலு வரும், வலு வந்தால் இன்னும் எழும்பும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயமுமல்ல. 1971 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 67 இலட்சம் ஷெவ்ரலே வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காரணம் மவுண்டிங். றப்பர் பிரிந்து, எஞ்சின் எழும்பி, அக்சிலரேட்டர் திறந்தபடி சிக்கியது. அவர்கள் செய்த வைத்தியம், எஞ்சின் ஓரளவுக்கு மேல் எழும்பாதபடி ஒரு கம்பிக் கயிறு பூட்டியதுதான். அவ்வளவு பெரிய கம்பனிக்கே பாடம் படிப்பித்த ஒரு துண்டு றப்பரை நாங்கள் "கிடக்கிறதப் போடுங்க" என்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். எஞ்சின் கொடுக்கும் முறுக்கம் 10 கிலோகிராம் மீற்றர் என்று வைப்போம். முதல் கியரின் விகிதம் 3.5 என்றால், எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்த உடம்பு தாங்க வேண்டிய எதிர்முறுக்கம் 35. இரண்டு மவுண்டிங்குக்கும் இடையில் அரை மீற்றர் தூரம் என்றால் ஒரு பக்கத்தை 70 கிலோ மேலே இழுக்கிறது, மறுபக்கத்தை 70 கிலோ கீழே அழுத்துகிறது. கிளச்சைப் படாரென்று விட்டால் இன்னும் கூடும். இரும்புத் தகட்டில் ஒட்டிய றப்பர் நசிவதைத் தாங்கும், சறுக்குவதையும் தாங்கும். நேராக இழுபடுவதுதான் அதற்கு ஆகாது. எங்கள் காரில் வேறு ஏதோ வானின் மவுண்டிங்கைக் குப்புறப் போட்டு, எஞ்சின் பாரம் இழுவையில் தொங்கும்படி பூட்டியிருந்தார்கள். றப்பர் கழன்றாலும் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு போல்ட்டாவது இல்லை.

இனி மற்றக் கூட்டம். "றப்பர்தானே பிரச்சினை, கெட்டியாகவே பூட்டிவிடுவோம்" என்று வெல்ட் அடிப்பவர்களும், ரேஸ் காரைப் பார்த்து பொலியூரித்தேன் போடச் சொல்பவர்களும். இவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பரிவை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது அது செக்கனுக்கு ஏறக்குறைய 27 அதிர்வு. எஞ்சின் பாரத்துக்கு மவுண்டிங் 3 மில்லிமீற்றர் அமிழ்ந்தால் அதன் இயற்கை மீடிறன் சுமார் 9. எஞ்சினின் அதிர்வு அதைவிட எவ்வளவோ மேலே இருப்பதால் பெரும்பகுதி றப்பரிலேயே செத்துவிடும். கடினமானதைப் போட்டு அரை மில்லிமீற்றர்தான் அமிழ்கிறது என்றால் இயற்கை மீடிறன் 22க்கு ஏறும். 27க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதிர்வு குறையாது, பெருகும். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறதே, அது இதனால்தான். டீசல் எஞ்சின் மாற்றியவர்கள் நிலைமை இன்னும் மோசம், அது சும்மா ஓடும் வேகம் இன்னும் குறைவு. ரேஸ் ஓடுபவன் 800 சுற்றில் நிற்பதில்லை. அவனுக்குச் சரியானது பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் காருக்குச் சரியாகாது.

வெல்ட் அடித்தாலோ, அதிர்வு முழுக்க உடம்புக்கு. மைனருக்குத் தனிச் செசி இல்லை, உடம்பே செசி. கியர் பொக்ஸ் கிராஸ் மெம்பர் சேரும் இடங்கள் ஏற்கனவே கறள் பிடிக்கும் இடங்கள். அங்கே மெல்லிய தகட்டில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தட்டல். முதலில் பெயின்ட் வெடிக்கும், பிறகு தகடு வெடிக்கும்.

மைனரில் இந்த விளையாட்டுக்குக் காரணம் அதன் தாராளமான எஞ்சின் அறை. அலெக் இஸிகோனிஸ் முதலில் யோசித்தது நாலு சிலிண்டரும் படுத்த நிலையில் இருக்கும் அகலமான எஞ்சினை. 1948இல் கார் வந்தபோது அந்த எஞ்சின் வரவில்லை, இடம் மட்டும் மிஞ்சியது. எதையும் இறக்கலாம். ஆனால் பழைய எஞ்சினின் காதுகள் அதன் முன் தகட்டில் இருந்தன. ஜப்பான் எஞ்சினுக்கு நடு உடம்பில் இருக்கின்றன. பழைய தாங்கிகளை வெட்டி எறிந்த நிமிடத்திலிருந்து பாரம் எங்கே இறங்குகிறது என்று யோசிப்பது எங்கள் பொறுப்பு.

அப்படியானால் எதைத் தெரிவது? எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் மவுண்டிங்கையே தெரியுங்கள். அந்தப் பாரத்துக்கும் அந்த அதிர்வுக்கும் அளந்து செய்தது அது. எஞ்சின் வாங்கும்போதே பக்கத்துப் பிரக்கெட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் எஞ்சினைத் தூக்கி வைக்கும்போது அவை கழன்று ஒரு மூலையில்தான் கிடக்கும். றப்பரை மட்டும் புதிதாக எடுங்கள். பதினைந்து வருடம் ஒயிலில் ஊறியது பார்வைக்கு நன்றாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் ஒன்றில் கல்லாக இருக்கும், அல்லது பிசுபிசுக்கும். முன்னால் இரண்டு, பின்னால் கியர் பொக்ஸுக்குக் கீழே அதற்குரிய ஒன்று. காருக்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டியது பிரக்கெட்டைத்தான், றப்பரையல்ல.

பிரக்கெட்டைச் செசி லெக்கில் பூட்டும்போது பாரத்தைப் பரப்ப ஒரு தடித்த தகடு, போல்ட் போகும் துளைக்குள் ஒரு குழாய்த் துண்டு. குழாய் இல்லாமல் இறுக்கினால் வெற்றுப் பெட்டி நசிந்து, இரண்டு மாதத்தில் நட் தளரும். புள்ளி வெல்ட் மட்டும் அடித்து, எஞ்சினை முழுப் பாரத்தில் இறக்கிப் பார்த்து, பிறகு கழற்றி எடுத்து முழு வெல்ட். றப்பர் பூட்டியிருக்கும்போது பக்கத்தில் வெல்ட் அடித்தால் புது மவுண்டிங்கும் அன்றே செத்துவிடும். எஞ்சினின் சாய்வும் பின் அக்சிலின் சாய்வும் ஒத்துப் போக வேண்டும். அது பிழைத்தால் புரொப்பெலர் சாப்ட் 60 கிலோமீற்றரில் உறுமும், நாங்கள் மவுண்டிங்கைத் திட்டிக்கொண்டிருப்போம். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் சூட்டுக்கு ஒரு மறைப்புத் தகடு.

இன்னொன்று, பலர் மறப்பது. றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒரு எர்த் வயர் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் அக்சிலரேட்டர் கேபிள் வழியே போய் அதைச் சுட்டுவிடும். பழைய மைனர் பொசிடிவ் எர்த் என்பதையும் ஜப்பான் ஒல்டனேட்டர் பூட்ட முன் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கட கார் பத்து வருஷமா அப்படித்தான் ஓடுது" என்று கட்டாயம் ஒருவர் எழுதுவார். எங்களுடையதும் கடுகண்ணாவை வரைக்கும் ஓடியது. "லைசன் கிடைக்குதே" என்று இன்னொருவர். தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். காருக்குக் கீழே குனிந்து பார்க்க யாரும் வருவதில்லை. பொனட்டுக்குள் இருக்கும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று கேட்டாலே பலருக்கு இருமல் வருகிறது.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு, அது நின்றிருந்த காலத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. வேலை செய்த கராஜும் விற்பவரும் வாங்குபவரை ஏமாற்றினால் அது கைமாறிய அமானிதம். 1876இல் ஹெனரத்கொடையில் றப்பர் கன்று நட்ட நாடு இது. உலகத்துக்குக் கெட்டி டயர் செய்து அனுப்புகிறோம். எங்கள் சொந்த எஞ்சினுக்குக் கீழே வைக்க மட்டும் ஒரு துண்டு றப்பருக்கு மனம் வரவில்லை.

அந்த கராஜ் எது என்று கேட்டு இன்பொக்ஸ் வர வேண்டாம், சொல்ல மாட்டோம். எங்கள் புது மவுண்டிங் இரண்டும் பின்னதும் சேர்ந்து சீட் கவரின் விலைகூட வரவில்லை. கொமென்டில் பொனட் போட்டோ போடாதீர்கள். காரைக் கல் வைத்து, ஸ்டாண்ட் வைத்து, கீழே படுத்து இடது மவுண்டிங்கை எடுத்த போட்டோ போடுங்கள். எங்களுடையதை முதலாவது கொமென்டில் போட்டிருக்கிறோம், கழன்றதும் புதியதும்.