மலைப் பாதை யாருடையது?

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலைநாட்டுக்குப் போகும் சகோதரிகள் பலர் 'பெக்கோ ட்ரெயில்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் நடைபாதை அது. 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை ஒரு பகுதி. நடந்தும் போகலாம், மலைச் சைக்கிளிலும் போகலாம்.

ஆனால் இது புதிதாக வெட்டிய பாதையல்ல. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். பின்னர் மலையெங்கும் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களின் பழைய வழிகளே இன்று உல்லாசப் பாதையாகியுள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ இவை லயத்திலிருந்து மலைக்கும், சுமையோடு நிறுவைக்கும் நடக்கும் வேலைப் பாதை.

ஆகவே, பிறர் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்துகொள்ளுங்கள். கேளாமல் யாரையும் படமெடுக்காதீர்கள். சுமையோடு வருபவருக்கு ஒதுங்கி வழிவிடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பொலித்தீன் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். கெசல்கமு ஓயாவில் விழும் குப்பை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கே போய்ச் சேரும்.

மழை நாளில் அட்டைகள் ஏறும். காற்சட்டையை நீண்ட காலுறைக்குள் செருகிவிடுங்கள். கடித்தால் பதற வேண்டாம். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது; அதனால்தான் நெடுநேரம் வடிகிறது. கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பிள்ளை அழுதால் ஒன்று சொல்லுங்கள்: இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, இதே அட்டைகளுக்கு நடுவில் நாள் முழுதும் நிற்கும் தாய்மார் பறித்ததுதான் நம் வீட்டுத் தேயிலை.