பிள்ளை வரம் கேட்டுக் கடனாளியாவதா?

குழந்தைப்பேற்றுக்கு வைத்தியம் பார்க்கப் போய் நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் அங்கத்தவர்களிடையே உண்டு. கேட்டால் "மருந்து விலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த விலை எதனால் ஏறுகிறது என்று தெரிந்தால்தான், எங்கே செலவைக் குறைக்கலாம், எதற்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

பெண்ணுக்குக் கருமுட்டை ஒழுங்காக முதிராவிட்டால், பெரும்பாலும் முதலில் கொடுப்பது மாத்திரைதான். குளோமிஃபீன் என்ற மாத்திரையை மாதவிடாய் தொடங்கிய சில நாளில் ஆரம்பித்து ஐந்து நாள் எடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள பழைய மருந்து இது. ஊசியோடு பார்த்தால் விலை மிகக் குறைவு.

சுமை கூடுவது ஹோமோன் ஊசியில். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தோ, ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களை வளர்த்தோ அதைத் தயாரிக்கிறார்கள். சில வகைகளைக் குளிரில் பாதுகாக்க வேண்டும். நாளுக்கு ஒன்றாகப் பத்து நாள் அளவில் ஏற்ற வேண்டியிருக்கும். எத்தனை தேவை என்பதை இடையிடையே ஸ்கேன் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார். ஆகவே மொத்தச் செலவை முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. கரு தங்காவிட்டால் அடுத்த சுற்றுக்கு மறுபடி பணம் வேண்டும். இறக்குமதி மருந்துக்கு டொலர் விலையும் சேர்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை.

பில்லில் வராத செலவும் உண்டு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் கணவனும் மனைவியும் ஒரு நாள் கிளினிக் போனால் வீட்டுக்கு 2,700 ரூபா நட்டமானது. பஸ் காசு வேறு.

ஆகவே சில விடயங்களை அங்கத்தவர்கள் கவனிக்க வேண்டும். குறை எப்போதும் பெண்ணிடம் மட்டும் இல்லை. கணவனின் விந்துப் பரிசோதனை சிறிய பரிசோதனை. அதைச் செய்யாமல் மனைவிக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது வீண். முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் பெறுங்கள். வெளியில் மருந்து வாங்க நேர்ந்தால், கம்பனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லி, ஒசுசலவில் விலை கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கப் பாடுபட்டது, ஏழைக்கும் நல்ல மருந்து கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகவே. வைத்தியர் சொல்லாமல் யாரும் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இது யாருடைய சாபமும் அல்ல, வெட்கப்பட வேண்டிய விடயமும் அல்ல. ஆகவே நாம் கேட்கிறோம்: கிளினிக் நாளுக்குக் கணவன், மனைவி இருவருக்கும் சம்பளத்துடன் லீவு வேண்டும். பொத்துவில், கல்முனை, மொனராகலை அரச வைத்தியசாலைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஹோமோன் ஊசிக்கு உச்ச விலை விதிக்கப்பட வேண்டும்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இவற்றையும் மேசையில் வைப்போம். உங்கள் தோட்டக் கமிட்டியில் இதை இப்போதே பேசுங்கள்.