பந்தலில் பொன்

கல்யாணம் என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பொன்னைப் பற்றியதுதான். பெண்ணுக்கு எத்தனை சவரன் என்ற கணக்கை நான் இங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய துயரக் கதை. பந்தலையும் மணமேடையையும் பொன்மயமாக்கும் மோகத்தைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள்.

தூண், திரை, நாற்காலி, வளைவு யாவும் தங்க நிறமாய் ஜொலிக்க வேண்டுமென்று இப்போது பலரும் ஆசைப்படுகிறார்கள். அரை நாள் அலங்காரத்துக்காகக் கடன் வாங்கும் தகப்பனார்களும் உண்டு. இவ்வளவு செய்தும் பலன் என்ன? எங்கும் பொன்னாகிவிட்டால் கண் எதிலும் நிலைப்பதில்லை. மணமக்கள் முகம்கூட அந்த ஜொலிப்பில் மங்கிப்போகிறது.

நம் கலைஞர்கள் பொன்னின் குணத்தை நன்கு அறிந்தவர்கள். தஞ்சாவூர்ப் படங்களைப் பாருங்கள். கிரீடம், ஆபரணம், தூண், வளைவு ஆகிய இடங்களை மேடாக்கி, அவற்றின்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். தெய்வத்தின் திருமுகத்தை வர்ணத்தாலேயே தீட்டுவார்கள். பொன் சுற்றி நின்று முகத்தை எடுத்துக் காட்டுகிறது. காஞ்சிபுரத்துப் பட்டிலும் இதே முறைதான்: உடல் அரக்கு நிறம், கரையிலும் முந்தானையிலும் ஜரிகை. அசல் ஜரிகையோ பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசியது. உள்ளே இருக்கும் தங்கம் வெகு சொற்பம்.

சொற்பமே போதும் என்பது பொன்னின் இயற்கை. 1 கிராம் பொன்னைத் தட்டித் தட்டிச் சுமார் 1 சதுர மீட்டர் தகடாக விரிக்கலாமென்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஆகவே நாள் குறித்திருக்கும் பெற்றோருக்கு என் யோசனை இது. பொன்னுக்கு ஓரிடம் மட்டும் ஒதுக்குங்கள். மணமக்களுக்குப் பின்னால் தொங்கும் அரக்குத் திரையின் ஜரிகைக் கரையே போதும். மற்ற இடமெல்லாம் வாழையும் மாவிலைத் தோரணமும் பூவும் இருக்கட்டும். பசுமைக்கு நடுவே பொன் தானாகவே எழுந்து நிற்கும். நீலம் பாய்ந்த வெண்மையான மின்விளக்கில் பொன் வெளிறித் தோன்றும். மஞ்சள் ஒளியில்தான் அதற்கு உயிர். புளியிட்டுத் துலக்கிய நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் இரண்டை ஏற்றி வைத்தால் பித்தளையே பொன்னாகிவிடும்.

கல்யாணம் முடிந்தபின் வாழை மாட்டுக்கு ஆகும். விளக்கு பேரப்பிள்ளை கல்யாணம் வரை வரும். தங்க நிறப் பிளாஸ்டிக் தாளோ குப்பைமேட்டில் மக்காமல் கிடக்கும். அதற்கு வாங்கிய கடனும் அப்படியேதான்.

முகூர்த்த வேளையில் சபை முழுவதும் எட்டிப் பார்ப்பது மஞ்சள் சரட்டில் கோத்த ஒரு சிறு பொன்னை. அந்தப் பொன் சபையின் கண்ணுக்குத் தெரியும்படி மற்றப் பொன்னெல்லாம் சற்று ஒதுங்கி நிற்கட்டும்.